அஞ்சு வருஷக் கணக்கு

“தம்பி, இன்னைக்குக் கொஞ்சம் சேர்த்துப் போட்டீங்கன்னா அஞ்சு வருஷத்துக்குக் கையே வைக்க வேணாம்.” சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிற எந்தப் பையனும் இதைக் கேட்காமல் திரும்புவதில்லை. கடைக்காரர் மட்டும் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். ஹாஸ்டல் சீனியரும் இதையே சொல்கிறார், யூடியூபில் பெட்டி பிரித்துக் காட்டுகிறவரும் சொல்கிறார், ஐ.டி. கம்பெனியில் இருக்கும் உறவினரும் போனில் சொல்கிறார். பணம் கொடுக்கப்போகும் அப்பாவுக்கும் இது பிடித்துவிடுகிறது. வாங்குவதை ஒரே தடவையாக, நல்லதாக வாங்கிவிட வேண்டும் என்று பழகிய குடும்பங்கள் நம்முடையவை.

இந்த யோசனையை நான் முழுக்க மறுக்கிறேன். கையில் தாராளமாகப் பணம் இருப்பவருக்கு இது வீண் செலவு, தாங்கிக்கொள்வார். எழுபது, எண்பதாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு இது நேரடி நஷ்டம். நாளைக்கு என்று சொல்லி, இன்றைக்குக் கிடைக்க வேண்டியதை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. சரி, அந்த நாளைக்காவது உதவுகிறதா என்றால் அதுவும் இல்லை. கடந்த பதினைந்து வருடக் கணினிச் சந்தையை எடுத்துப் பார்த்தால் போதும்.

முதலில் அந்த யோசனை தாளில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ரேம் விலை ஏறுவதற்கு முன்னால் என் அக்கா மகன் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து நீட்டினான். எண்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று போனவன் கையில், தொண்ணூறைத் தாண்டிய ஒரு தாள். முதல் வரி ஐ7-14700 ப்ராசஸர். அடுத்தது இசட்790 மதர்போர்டு. பிறகு 16 ஜிபி ரேம், ஒரே ஸ்டிக். 850 வாட் எஸ்எம்பிஎஸ். பக்கக் கண்ணாடியும் கலர் கலராக எரியும் ஃபேன்களும் வைத்த கேபினட். கடைசி வரியில், மிச்சம் இருந்த பணத்துக்கு, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு.

வரி வரியாகப் பாருங்கள். இசட்790 போர்டுக்கு ஏன் கூடுதல் விலை? ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, அது இடம் கொடுக்கும். ஆனால் பெயருக்குப் பின்னால் ‘கே’ இல்லாத இன்டெல் ப்ராசஸரின் மல்டிபிளையர் பூட்டப்பட்டது. ஆக, அந்தப் போர்டின் முக்கியமான வசதி இந்த ப்ராசஸருக்குப் பயன்படவே படாது. ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் ஒற்றைச் சேனலில்தான் ஓடும். 8 ஜிபியாக இரண்டு போட்டிருந்தால் மெமரிக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான பாதை இரண்டு மடங்காகியிருக்கும். ஏன் ஒன்று என்று கேட்டதற்குக் கடையில் கிடைத்த பதில்: “நாளைக்கு இன்னொரு 16 போட்டுக்கலாம்ல.” எஸ்எம்பிஎஸ் 850 வாட். அந்த 6 ஜிபி 3050 கார்டு இழுப்பதோ 70 வாட். பெரும்பாலான மாடல்களுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர்கூடக் கொடுக்க வேண்டாம். போர்டில் செருகினாலே ஓடும். அப்புறம் 850 வாட் யாருக்கு? என்றோ வரப்போகும் ஒரு கார்டுக்கு.

தாளில் இருந்ததெல்லாம் நாளைக்கு. இன்று ராத்திரி உட்கார்ந்து ஆடப்போகும் கேமுக்கு என்று இருந்தது அந்தக் கடைசி வரி மட்டுமே. மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்குப் போகவில்லை.

சாதாரண 1080பி மானிட்டரில் பெரிய கேம்களை ஆடும்போது ஃப்ரேம் எத்தனை வரும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். ஆறு கோர் கொண்ட ஐ5-12400எஃப் ப்ராசஸருக்கு அந்த ஐ7-இன் பாதி விலைகூடக் கிடையாது. அதோடு பி760 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, பெயர் சொல்லக்கூடிய கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்று இறங்கினால், மிச்சப் பணத்தில் அன்றைக்கு ஆர்டிஎக்ஸ் 4060 வந்துவிடும். எண்பதாயிரத்துக்குள் கணக்கும் முடிந்துவிடும். 3050-ஐவிட அந்த 4060 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஃப்ரேம் தரும். இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: “ஐ7 இல்லாம கேமிங் பிசியா மாமா?” அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயதுப் பையனை இப்படிக் கேட்கவைத்த பேச்சின்மேல்தான் கோபம்.

அந்த ஐ7 நம்பிக்கையை நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2017 ஜனவரியில் இன்டெல் ஐ7-7700கே வந்தது. நான்கு கோர், எட்டு திரெட், அமெரிக்க விலை 339 டாலர். கேமிங்குக்கு அன்று அதுதான் உச்சம். ‘அஞ்சு வருஷம் கவலையில்லை’ என்று வாங்கியவர்கள் ஏராளம். அதே வருடம் அக்டோபரில் ஆறு கோர் ஐ5-8400-ஐ இன்டெல்லே 182 டாலருக்கு இறக்கியது. நடுவில் ஒன்பது மாதம்தான். சரி, ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 என்று அப்படியே இருந்தது. ஆனால் 7700கே உட்கார்ந்திருந்த 200 வரிசை போர்டுகளில் புதிய ப்ராசஸர் ஓட இன்டெல் அனுமதிக்கவில்லை. 2020-இல் ஐ3-10100 வந்தது. அதே நான்கு கோர், எட்டு திரெட். விலை 122 டாலர். மூன்று வருடத்துக்கு முன்பு உச்சியில் இருந்ததன் வேகத்தை ஏறக்குறைய ஒரு ஐ3 எட்டிப்பிடித்துவிட்டது.

இதைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது மைக்ரோசாஃப்ட் வைத்த நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை: டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், ப்ராசஸர் தன் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 7700கே இல்லை. 2017 மார்ச்சில் 499 டாலருக்கு வந்த ஏஎம்டியின் எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸும் இல்லை. ஆனால் அதே வருடக் கடைசியில் 117 டாலருக்கு வந்த ஐ3-8100 இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நம் பையன்கள் விடிய விடிய ஆடும் வாலரண்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இல்லாமல் திறக்காது. 499 டாலர் கொடுத்தவரின் ப்ராசஸருக்கு வேகம் குறையவில்லை. அவர் காசு கொடுத்து அடைத்துவைத்த பக்கத்தில் பிரச்சினை வரவேயில்லை, அவ்வளவுதான்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதேதான் நடந்தது. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 2017 மார்ச், 699 டாலர், 11 ஜிபி மெமரி. நல்ல கார்டு, நீண்ட நாள் உழைத்த கார்டு; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2023-இல் வந்த ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற வசதியை எதிர்பார்த்தது. 1080 டிஐ உள்ளிட்ட 10 வரிசைக் கார்டுகளில் அது கிடையாது. வெளியான சமயத்தில் அந்தக் கார்டுகளில் கேம் திணறியது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், ரே டிரேசிங் செய்யும் ஹார்டுவேர் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. 2019-இல் 399 டாலருக்கு விற்ற ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரில் ஓடும். பழைய கேம்களில் 1080 டிஐ-க்குப் பின்தங்கும் கார்டு அது. வலிமைக்குக் கொடுத்த பணம் வசதி மாற்றத்திலிருந்து காப்பாற்றவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியையும் கூப்பிடுகிறேன். “எங்க அண்ணன் 2011-ல போட்ட சிஸ்டம் எட்டு வருஷம் ஓடுச்சு.” கேமிங் வட்டாரத்தில் எல்லாரிடமும் இப்படி ஒரு கதை உண்டு, அதில் வரும் ப்ராசஸர் அநேகமாக இன்டெல் ஐ5-2500கே. கதை உண்மைதான். ஆனால் அதன் விலையைக் கவனித்தவர் யார்? 216 டாலர். அன்றைய இன்டெல் கடையில் உச்சத்தில் இருந்தது ஐ7-990எக்ஸ், 2011 பிப்ரவரியில் வந்தது, 999 டாலர். அதற்கு ஒரு மாதம் முன்பே வந்திருந்த 317 டாலர் ஐ7-2600கே பெரும்பாலான கேம்களில் அதற்கு ஈடுகொடுத்தது, சிலவற்றில் முந்தியும் போனது. எதிர்காலத்துக்காக 999 கொடுத்தவர் முதல் மாதமே ஏமாந்தார். நீண்ட ஆயுசுக்குப் பேர் போனது நடுத்தர விலையில் வந்த ப்ராசஸர்.

அது ஏன் அத்தனை வருடம் தாங்கியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2011 அக்டோபரில் ஏஎம்டி கொண்டுவந்த புல்டோசர் தோற்றது. போட்டி இல்லாத இன்டெல், சாதாரண வாடிக்கையாளருக்கான வரிசையில் 2017 வரை நான்கு கோரைத் தாண்டவில்லை. சந்தை தேங்கி நின்றதால் பழைய ப்ராசஸர் பழசாகவில்லை. அண்ணனின் தொலைநோக்குக்கு அதில் பங்கில்லை. 2017-இல் ரைசன் வந்து அந்தத் தேக்கத்தை உடைத்த பிறகு எட்டு வருடக் கதை யாரிடமிருந்தும் வருவது அரிதாகிவிட்டது.

‘வளர்ற பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி, கொஞ்சம் பெரிசா எடுத்துக்கோ’ என்பார்கள். பிள்ளை எந்தப் பக்கம் வளரும், ஏறக்குறைய எவ்வளவு வளரும் என்று தாய்க்குத் தெரியும். கேம்கள் எந்தப் பக்கம் வளரும் என்று 2017-இல் யாருக்குத் தெரிந்தது? கோர் கூடும் என்று சிலர் சொன்னார்கள். ரே டிரேசிங் கட்டாயமாகும், விண்டோஸ் பட்டியல் போட்டு வெட்டும் என்று கொட்டேஷன் எழுதியவர் ஒருவரும் சொல்லவில்லை.

விலை கூடினால் ஆயுசும் கூடும் என்ற எண்ணத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப்போய், கேம் பாதியில் நின்று, சில்லே கெட்டுப்போகும் கோளாறு இருந்தது. அதிகம் அடிபட்டவை ஐ9-களும் ஐ7-களும். 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. என் அக்கா மகன் தாளின் முதல் வரியில் இருந்தது அந்தத் தலைமுறை. 12400எஃப்-க்கு அந்தக் கோளாறு கிடையாது.

இப்போதெல்லாம் கடைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் ஒன்று: “ஜிடிஏ 6 வரப்போகுது அண்ணா, அதுக்குத் தாங்கணும்.” இதை எழுதும்போது ராக்ஸ்டார் தேதி சொல்லியிருப்பது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும்தான்: 2026 நவம்பர் 19. அதுவும் இரண்டு முறை தள்ளிப்போன தேதி. கணினிக்கு எப்போது என்று ஒரு சொல் இல்லை. முன்பு என்ன நடந்தது? ஜிடிஏ 4 கன்சோலுக்கு 2008 ஏப்ரலிலும் கணினிக்கு அதே வருடம் டிசம்பரிலும் வந்தது. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர், கணினிக்கு 2015 ஏப்ரல். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர், கணினிக்கு 2019 நவம்பர். வராத கேமுக்கு, வெளியாகாத தேவைப் பட்டியலுக்கு, இன்றைக்குத் தவணை கட்டுகிறான் நம் பையன். அந்த கேம் கணினிக்கு வரும் நாளில் இன்றைய கார்டு இரண்டாம் கை விலைக்கு வந்திருக்கும்.

நியாயமான ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக மாட்டேன். ‘பொறுத்து வாங்கலாம்னு இருந்தவன் 2021-ல என்ன ஆனான்? இப்ப ரேம் விலை என்ன ஆச்சு?’ 2020 செப்டம்பரில் 499 டாலர் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3070, சிப் தட்டுப்பாட்டிலும் ஈத்தீரியம் மைனிங்கிலும் சிக்கி, அறிவித்த விலைக்குப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவே இல்லை. 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்ட சமயத்தில்தான் கார்டு விலை தரைக்கு வந்தது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொள்ள, ரேம் விலை சில மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. எல்லாம் நடந்ததுதான்.

ஆனால் இதில் அடிபட்டவர் யார் என்று பாருங்கள். ‘நாளைக்கு இன்னொரு 16 போட்டுக்கலாம்’ என்று ஒற்றை ஸ்டிக்கோடு அனுப்பப்பட்டவர் இன்று அந்த இரண்டாவது ஸ்டிக்கை வாங்க முடியாமல் நிற்கிறார். 2020-இல் பெரிய ப்ராசஸரும் பெரிய போர்டும் வாங்கி, ‘கார்டு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர் அடுத்த இரண்டு வருடம் அந்தப் பெட்டியை வெறுமனே வைத்துக்கொண்டிருந்தார். நாளையை நம்பிக் கட்டிய திட்டங்கள்தான் விலையேற்றத்தில் முதலில் உடைந்தன. இன்று தேவையானதை இன்று முழுதாக வாங்கியவர்களை அது தொடவில்லை. இன்று ஆட 16 ஜிபி வேண்டுமென்றால் இன்றே இரண்டு ஸ்டிக்காக வாங்கு என்றுதான் நானும் சொல்கிறேன். இசட் போர்டையும் ஐ7-ஐயும் எந்த விலையேற்றமும் நியாயப்படுத்தவில்லை.

குறைவாக வாங்கிப் பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு என்பார்கள். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டில் நடந்த கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2017-இல் ஒருவர் 499 டாலருக்கு ரைசன் 7 1800எக்ஸ் வாங்குகிறார். இன்னொருவர் 219 டாலருக்கு ஆறு கோர் ரைசன் 5 1600 வாங்குகிறார். அன்றைக்கு இருவர் ஆடும் கேமிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2022-இல் இரண்டாமவர் அதே போர்டில் பயாஸை மட்டும் அப்டேட் செய்து 199 டாலர் ரைசன் 5 5600 போடுகிறார். இரண்டும் சேர்ந்து 418 டாலர். பழையதை விற்ற காசு தனி. கேமில் 1800எக்ஸ் அந்த 5600-இன் பக்கத்தில் வர முடியாது. 5600 விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. பழைய 300 வரிசை போர்டுகளிலும் 5000 வரிசை ப்ராசஸர் ஓடும் என்று 2017-இல் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஏஎம்டி முதலில் மறுத்து, வாடிக்கையாளர்கள் சத்தம் போட்ட பிறகு 400 வரிசைக்கும், கடைசியில் 2022-இல் 300 வரிசைக்கும் வழிவிட்டது. இரண்டாமவர் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. பணம் அவர் கையில் இருந்தது. வழி திறந்தபோது போய்க்கொண்டார்.

அப்படியானால் எதிலுமே முன்னோக்கு வேண்டாமா? சிலவற்றில் வேண்டும், அவற்றில்தான் நம் கடைகள் கை வைக்கின்றன. எஸ்எம்பிஎஸ் பழசாகாது. நல்ல கம்பெனிகள் ஏழு வருடம், பத்து வருடம் என்று வாரண்டி தருகின்றன. அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதையே கழற்றிப் போடலாம். அதில் பார்க்க வேண்டியது வாட் எண்ணிக்கையைவிடத் தரம். ஸ்டிக்கரில் 850 என்று எழுதி, எடை இல்லாமல், யார் செய்தது என்றே தெரியாமல் வரும் பெட்டி, நல்ல 550-க்குப் பக்கத்தில் நிற்காது. மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் அது போகும்போது போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். 80 பிளஸ் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை, பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. மானிட்டரும் அப்படித்தான்: ஒரு நல்ல மானிட்டர் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டின் மெமரியையும் இங்கே சேர்க்கிறேன். ரேம்போலப் பிறகு கூட்ட முடியாத மெமரி அது. 2023-இல் த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் உயர்ந்த செட்டிங்கில் திணறியதை எல்லாரும் பார்த்தோம். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டிலும் ஒரே சில்லுக்கு 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வடிவம் உண்டு. அறிவித்த விலைகளில் வித்தியாசம் 50 டாலர். அந்த 50 டாலரைக் கொடுங்கள். இதுவும் எதிர்காலத்துக்கு வாங்குவதுதானே என்று என்னை மடக்கப் பார்க்கலாம். இல்லை. அந்தத் தட்டுப்பாடு ஏற்கெனவே வந்துவிட்டது. இன்று விற்கும் கேமில் இன்று தெரிகிறது. நான் சொல்வது இன்றைய தேவையைக் குறைக்காதே என்பது.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு கணக்கு உண்டு, அதை எந்தக் கொட்டேஷனும் எழுதுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் இருப்பது 600 விஏ யுபிஎஸ். அது தாங்குவது சுமார் 360 வாட். 12400எஃப்-உம் 115 வாட் 4060-உம் போட்ட கம்ப்யூட்டர், மானிட்டரையும் சேர்த்து, கேம் ஓடும்போதுகூட அதற்குள் அடங்கும். ‘நாளைக்கு’ என்று கனவு காணும் 300 வாட் கார்டை அந்த 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால், கரண்ட் போகும் நொடியில் யுபிஎஸ் பீப் அடித்துக் கையை விரித்துவிடும். அடுத்து பெரிய யுபிஎஸ், அதற்குப் பெரிய பேட்டரி. ஒன்றைப் பெரிதாக வாங்கினால் சுற்றியிருக்கும் எல்லாம் பெரிதாகக் கேட்கும்.

எனக்கு இதில் வலிப்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதால்தான். இரண்டு வருடம் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பையன்களைத் தெரியும். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த அம்மாக்களைத் தெரியும். எண்பதாயிரம் என்று வீட்டில் பேசி முடித்தது கடையில் தொண்ணூற்றைந்தாகும்போது, அந்தப் பதினைந்தாயிரம் இஎம்ஐ ஆகிறது. அஞ்சு வருஷம் தாங்கும் என்ற ஒரு சொல்லை நம்பித்தான் அப்பா கையெழுத்துப் போடுகிறார். வீட்டுக்கு வந்து கேமைத் திறந்தால் மீடியம் செட்டிங்கில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பையனுக்கு அப்பாவிடம் சொல்ல வாய் வராது. இந்த ஏமாற்றத்தைத் தெரிந்தே விற்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரியாமல் பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். விளைவு ஒன்றுதான்.

ஆகவே அறிவுரை சொல்கிற எல்லாருக்கும், கடைக்காரர், சீனியர், யூடியூப்காரர், மாமா, சித்தப்பா எல்லாருக்கும், என் வேண்டுகோள் இது. பையன் வந்து நின்றதும் ப்ராசஸர் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். என்ன கேம் ஆடுகிறாய், வீட்டில் என்ன மானிட்டர் இருக்கிறது, கையில் எவ்வளவு இருக்கிறது என்று மூன்றையும் கேளுங்கள். வாலரண்ட் மட்டும் ஆடுகிறவன் என்றால், 2012-இல் வந்த இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸைக் குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லி 2020-இல் வெளியான கேம் அது என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். அவனுக்கு நாற்பதாயிரத்திலேயே வேலை முடிந்துவிடலாம். பெரிய கேம்கள் ஆடுகிறவன் என்றால் கொட்டேஷனின் முதல் வரியில் கிராபிக்ஸ் கார்டை எழுதுங்கள். மிச்சம் ஐயாயிரமோ பத்தாயிரமோ நின்றால், அதை நிரப்ப இன்னொரு வரி தேடாமல் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள்.